தகடு தகடாகவே போய்ச் சேர வேண்டும்

ஒரு மில்லிமீட்டர் விட்டமும் ஐந்து மைக்ரான் தடிமனும் கொண்ட அலுமினிய வட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓட்டலில் பொட்டலம் கட்டித் தரும் அலுமினியத் தாளைவிட இது மெல்லியது. எடை ஏறத்தாழ பத்து மைக்ரோகிராம். இதைக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் படிய வைத்து, மறுபக்கத்திலிருந்து கண்ணாடி வழியாகவே பத்து நானோநொடி நீளமுள்ள லேசர் துடிப்பு ஒன்றை அதன்மேல் பாய்ச்சினால், வட்டு கண்ணாடியிலிருந்து பிய்த்துக்கொண்டு நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். துடிப்பின் ஆற்றல் 160 மில்லிஜூல் இருந்தால் போதும். அசையாமல் கிடந்த வட்டு அந்த வேகத்தைப் பிடிக்க எடுத்துக்கொள்வது சுமார் இருபது நானோநொடி. அதற்குள் அது கடப்பது முப்பது மைக்ரான் தூரம்தான். புவியீர்ப்பு முடுக்கத்தோடு ஒப்பிட்டால் இது 1500 கோடி மடங்கு.

இப்படிப்பட்ட எண்கள் இத்துறையின் பலமும் பலவீனமும் ஆகும். லேசர் கொண்டு மெல்லிய உலோகப் படலங்களை ஏவும் முயற்சி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அதைப் பற்றிய பேச்சில் முதலில் வந்து நிற்பது எப்போதும் வேகம்தான். எனக்கு அந்த அளவுகோலில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வேகம் வேண்டுமென்றால் ஆற்றலைக் கூட்டினால் போதும், பெரும்பாலும் கிடைத்துவிடும். இலக்கில் போய் மோதும் கணத்தில் அந்த வட்டு திடமாக, தட்டையாக, முழுசாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இத்துறையில் உருப்படியாக நடந்த வேலை எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

முதலில், தள்ளுவது எது? ஒளிக்கு அழுத்தம் உண்டு என்பது தெரிந்ததே. ஆனால் மேலே சொன்ன துடிப்பின் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிகாவாட் அளவில் இருக்கிறது. அத்தகைய ஒளி முழுவதையும் ஒரு பரப்பு விழுங்கினாலும் அதன்மேல் விழும் ஒளியழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக்கூட எட்டாது. வட்டைத் தள்ளியதோ இருபதாயிரம் வளிமண்டல அழுத்தம். ஆக, தள்ளியது ஒளி அல்ல, ஒளி உண்டாக்கிய பிளாஸ்மா. கண்ணாடியை ஒட்டியிருக்கும் உலோகத்தின் முதல் அடுக்கு, மைக்ரானில் ஒரு பகுதி, ஆவியாகி அயனியாகிறது. துடிப்பின் மிச்ச ஆற்றலை அந்தப் பிளாஸ்மா உறிஞ்சி இன்னும் சூடேறுகிறது. பின்னால் கண்ணாடி, முன்னால் உலோகம். விரிய இடமில்லாமல் அது உலோகத்தை முன்னே தள்ளுகிறது.

ஆவியாகும் பொருள் எதிர்த்திசையில் தரும் உதைப்பு ஒளியழுத்தத்தைவிடப் பன்மடங்கு பெரிது என்று சோவியத் இயற்பியலாளர்கள் அஸ்கர்யானும் மொரோஸும் 1960களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள்; அப்போது லேசருக்கே இரண்டு மூன்று வயதுதான். கண்ணாடி போட்டு அடைக்கும் யோசனை பரவலாகத் தெரிய வந்தது 1970இல். அந்த ஆண்டு ஆண்டர்ஹோம் என்ற ஆய்வாளர், அலுமினியப் படலத்தின்மேல் ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ் தகட்டை வைத்து ரூபி லேசரால் அடித்து, திறந்தவெளியில் கிடைப்பதைவிட மிகப் பெரிய அழுத்த அலைகளை எழுப்பிக் காட்டினார். திறந்த பரப்பில் அடித்தால் பிளாஸ்மா லேசரை நோக்கியே பீறிட்டு வெளியேறிவிடும். ஆற்றலில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மூடி வைத்தால் அழுத்தம் பல மடங்கு கூடுகிறது. துடிப்பு முடிந்த பிறகும் அந்த அழுத்தம் சிறிது நேரம் நீடிக்கிறது. பிரான்சில் ரெமி ஃபாப்ரோவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டது: லேசர் சூடேற்றிக்கொண்டிருக்கும் கட்டம், லேசர் நின்றபின் அடைபட்ட பிளாஸ்மா குளிர்ந்தபடியே தள்ளும் கட்டம், கடைசியில் வாயுவாகி விரிந்து ஓயும் கட்டம். வட்டு பெறும் வேகத்தில் கணிசமான பங்கு லேசர் நின்றபின் கிடைப்பது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு, எனக்குப் பிடித்தது. 1943இல் அமெரிக்காவின் அபர்தீன் பீரங்கி ஆய்வகத்தில் ரொனால்டு கர்னி என்பவர், வெடிமருந்து நிரப்பிய உலோக உறை என்ன வேகத்தில் சிதறும் என்று கணிக்க எளிய சூத்திரம் ஒன்றை வகுத்தார். (பதினைந்து ஆண்டுகளுக்கு முன் காண்டனோடு சேர்ந்து, அணுக்கருவிலிருந்து ஆல்பா துகள் எப்படித் தப்பி வருகிறது என்று குவாண்டம் கோட்பாட்டால் விளக்கிய அதே கர்னிதான்.) வெடிமருந்தின் ஆற்றலும், உலோகத்துக்கும் மருந்துக்கும் உள்ள எடை விகிதமும் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். 1990களில் சாண்டியா ஆய்வகத்தின் லாரன்ஸும் டிராட்டும் இதே சூத்திரத்தை லேசர் தகட்டுக்குப் பொருத்தினார்கள். ஆவியாகும் மெல்லிய அடுக்குதான் வெடிமருந்து. அது உறிஞ்சிய ஒளிதான் வெடியாற்றல். கண்ணாடி அசையாத சுவர். இவ்வளவு கரடுமுரடான ஒப்புமை அளவீடுகளோடு ஒத்துப்போவது ஆச்சரியம்தான். எந்தத் தடிமனுக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்று காகிதத்திலேயே பார்த்துவிட முடிகிறது. நன்றாக அமைந்த ஏற்பாட்டில் லேசர் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்குகூடத் தகட்டின் இயக்க ஆற்றலாக மாறுகிறது. திறந்த பரப்பில் இதை எதிர்பார்க்க முடியாது.

இதற்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. செறிவைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மூடியாக இருக்கும் கண்ணாடியோ தண்ணீரோ தானே அயனியாகி ஒளியை மறிக்கத் தொடங்கும். தண்ணீருக்கு அந்த எல்லை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து கிகாவாட். அதற்குமேல் கொட்டும் ஆற்றல் உலோகத்தைச் சேருவதில்லை.

இந்தப் பறக்கும் தகட்டை யார் எதற்காகத் தேடினார்கள் என்றால், நேர்மையான பதில் வெடிமருந்துத் துறை. மின்சாரத்தால் தூண்டப்படும் வெடிகருவிகளுக்கு மின்னலும் நிலைமின்சாரமும் தவறான மின்னோட்டமும் எப்போதும் அச்சுறுத்தல். 1967 ஜூலையில் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில், மின்சாரத் தாவல் ஒன்றால் யாரும் இயக்காமலே ராக்கெட் ஒன்று கிளம்பியது. அதில் மூண்ட தீயில் 134 பேர் இறந்தார்கள். செம்புக் கம்பிக்குப் பதில் ஒளியிழை இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை. 1971இல் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் யாங்கும் மெனிச்செல்லியும் கண்ணாடியில் பூசிய அலுமினியப் படலத்தை ரூபி லேசரால் அடித்து, அதைத் தொட்டிருந்த வெடிமருந்தை நேரடியாக முழுவெடிப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படலம் பறக்கவில்லை, ஒட்டிய நிலையிலேயே அதிர்ச்சியைக் கடத்தியது. படலத்துக்கும் மருந்துக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, பறந்து போய் மோதவிடும் வழியை 1980களில் சாண்டியா, லாஸ் அலமோஸ் ஆய்வகங்கள் வளர்த்தன. லாஸ் அலமோஸின் பெய்ஸ்லி இதில் முக்கியமான பெயர். பிறகு கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகமும் இதைக் கையிலெடுத்தது. இதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது: மின்சாரத்தால் வெடிக்கும் செம்புப் படலம் ஒரு பிளாஸ்டிக் துண்டை ஏவும் கருவி, அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 1970களில் உருவானது. லேசர் தகடு அதற்குத் தம்பி முறை.

இடைவெளி விட்டுப் பறக்கவிடுவதில் என்ன ஆதாயம்? மேலே எடுத்துக்கொண்ட வட்டையே பாருங்கள். அதைத் தள்ளியது இரண்டு கிகாபாஸ்கல் அழுத்தம், இருபது நானோநொடிக்கு. மூன்று கிலோமீட்டர் வேகத்தில் அது இன்னோர் அலுமினியப் பரப்பில் மோதினால் எழும் அழுத்தம் சுமார் முப்பது கிகாபாஸ்கல், அதாவது மூன்று லட்சம் வளிமண்டலம். ஒன்றரை நானோநொடிக்கும் குறைவான நேரத்துக்கு. மெதுவாக வாங்கியதை ஒரே அடியாகக் கொடுக்கிறது. அழுத்தம் பதினைந்து மடங்கு. அதோடு, லேசர் ஒளியும் பிளாஸ்மாவின் வெப்பமும் இலக்கைத் தீண்டுவதில்லை. அழுத்தத்தால் மட்டும் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு இது பெரிய கொடை. அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைத் தகட்டின் தடிமனே தீர்மானிக்கிறது. தடிமனைத் தேர்ந்தெடுப்பவர் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

இதெல்லாம் தகடு தகடாகப் போய்ச் சேர்ந்தால். சேர விடாமல் செய்யப் பல பகைகள் இருக்கின்றன.

முதல் பகை வெப்பம். அலுமினியத்தில் வெப்பம் பத்து நானோநொடியில் ஒன்று முதல் இரண்டு மைக்ரான் ஆழம் ஊடுருவிவிடும். ஐந்து மைக்ரான் தகட்டில் ஒரு பகுதி ஆவியாகி, அதையடுத்த பகுதி உருகிவிட்டால், மிஞ்சிய திடப்பொருள் மிகக் கொஞ்சம். அதனால்தான் வெறும் ஒற்றைப் படலத்தை விட்டு அடுக்குப் படலங்களுக்குப் போனார்கள். கண்ணாடியை ஒட்டி, ஒளியை நன்றாக உறிஞ்சும் கார்பன் போன்ற ஒரு மெல்லிய பூச்சு. பிறகு பிளாஸ்மாவாகப் போகிற அலுமினியம் அரை மைக்ரான் அளவில். அதன்மேல் வெப்பத்தைத் தடுக்கும் அலுமினியம் ஆக்சைடு. கடைசியில் பறக்க வேண்டிய தகடு. வெற்று அலுமினியம் அகச்சிவப்பு லேசரை ஆரம்பத்தில் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் அந்தக் கறுப்புப் பூச்சு வீண் அலங்காரம் இல்லை. ஆக்சைடு அடுக்கைத்தான் நான் இந்தத் துறையின் நல்ல கண்டுபிடிப்பு என்பேன். வேகத்துக்கு அது ஒன்றும் செய்வதில்லை, எடையைக் கூட்டி வேகத்தைக் குறைக்கவே செய்கிறது. ஆனால் போய்ச் சேருவது திடப்பொருளாக இருக்கிறது.

இரண்டாவது பகை, லேசர் கற்றையின் வடிவம். சாதாரணக் கற்றை நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கியும் இருக்கும். நடுப்பகுதி முந்திக்கொள்ள, தகடு குவிந்து வளைந்துவிடும். வேகம் கூடக்கூட நடுவில் கிழிந்தும் போகும். கற்றைக்குள் சிறு சிறு வெப்பப் புள்ளிகள் இருந்தால் தகட்டில் அதே இடங்களில் ஓட்டை விழும். தடித்த ஒளியிழை வழியாக லேசரைக் கொண்டுவந்தவர்களுக்கு எதிர்பாராத நன்மை கிடைத்தது: இழைக்குள் ஒளி பலமுறை பிரதிபலித்துக் கலந்து, வெளியே வரும்போது ஓரளவு சீராகிவிடுகிறது. ஆனால் இழைக்கும் தாங்கும் சக்தி உண்டு; மீறினால் அதன் முகப்பு வெடித்துவிடும். ஒளியைச் சமமாகப் பரப்பும் தகடுகளை இடையில் வைப்பது இன்னொரு வழி.

மூன்றாவது, தப்பவே முடியாதது. இலேசான பிளாஸ்மா கனமான உலோகத்தைத் தள்ளும்போது, அந்த எல்லைப் பரப்பில் இருக்கும் மிகச் சிறு மேடுபள்ளமும் வளர்ந்துகொண்டே போகும். ரெய்லி-டெய்லர் நிலையின்மை என்று இதற்குப் பெயர். தகடு மெலிதாக இருந்து, பறக்கும் தூரமும் நீண்டால் இதற்கு விளையாட நேரம் கிடைக்கிறது. எனவே பறக்கும் இடைவெளியை மில்லிமீட்டரில் ஒரு பகுதிக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. சுற்றியுள்ள படலத்திலிருந்து அறுபட்டுப் பிரியும் ஓரமும் சுத்தமாக அறுபடுவதில்லை. முழு வட்டு அளவுக்கு அடித்தாலும் பயன்படுவது நடுப்பகுதி மட்டுமே.

இத்தனையும் நடந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் அளவுக் கருவிகளின் கதை வருகிறது. பார்க்கரும் ஹாலன்பாக்கும் 1972இல் சாண்டியாவில் தந்த விசார் கருவி, நகரும் பரப்பிலிருந்து திரும்பும் ஒளியை அதே ஒளியின் சற்றுத் தாமதித்த பகுதியோடு மோதவிட்டு, குறுக்கீட்டுக் கோடுகளின் நகர்விலிருந்து வேகத்தைக் கணித்தது. நல்ல கருவி, ஆனால் சீராக்கிவைப்பது கடினம். 2000களில் லிவர்மோரில் ஸ்ட்ராண்டும் குழுவினரும் தொலைபேசி வலையமைப்புக்காகத் தயாரான 1550 நானோமீட்டர் லேசர்களையும் இழைகளையும் கொண்டே ஒரு வேகமானியை உருவாக்கினார்கள். திரும்பி வரும் ஒளியும் மூல ஒளியும் சேர்ந்து எழுப்பும் துடிப்பின் அலைவெண்ணே வேகம்: நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1.29 கிகாஹெர்ட்ஸ். மூன்று கிலோமீட்டர் என்றால் 3.9 கிகாஹெர்ட்ஸ். வேகமான அலைவரைவி ஒன்று இருந்தால் போதும். தொலைத்தொடர்புத் தொழில் சந்தையில் இறக்கிய மலிவான உதிரிப் பாகங்கள் அதிர்ச்சி இயற்பியலை மாற்றிய விதம் தனிக் கட்டுரைக்கு உரியது.

ஆனால் வேகமானி ஒரு புள்ளியைத்தான் பார்க்கிறது. நடுவில் ஒரு புள்ளி அழகாக மூன்று கிலோமீட்டர் காட்டும்போது, ஓரம் பத்து நானோநொடி பின்தங்கியிருக்கலாம். தகடு சல்லடையாகியும் இருக்கலாம். ஒளியைத் திருப்பி அனுப்பும் எதுவும் அந்தக் கருவிக்குத் தகடுதான், உருகிய துளிகளின் கூட்டம் உட்பட. தகட்டை ஒரு தெளிந்த கண்ணாடியில் மோதவிட்டு, மோதல் விட்டத்தின் குறுக்கே எந்தெந்த நேரத்தில் நிகழ்கிறது என்று கீற்றுக் கேமராவில் பதிவு செய்தால்தான் தட்டைத் தன்மை தெரியும். இந்தச் சோதனை இல்லாமல் வேகத்தை மட்டும் தரும் முடிவுகளை நான் பாதி முடிவுகளாகவே படிக்கிறேன்.

இந்த நோக்கில் பார்த்தால், எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தெரிவது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேனா டிலாட்டின் குழு 2012இல் வெளியிட்ட ஏற்பாடு. அவர்கள் அடுக்குப் பூச்சையெல்லாம் விட்டுவிட்டார்கள். கடையில் கிடைக்கும் அலுமினியப் படலத்தை, 25 மைக்ரானும் அதற்கு மேலும் தடிமன் உள்ளதை, எபாக்ஸி பசையால் கண்ணாடியில் ஒட்டினார்கள். வெப்பம் இரண்டு மைக்ரான் போனால் போகட்டும், மிச்சம் நிறைய இருக்கிறது. கற்றையைச் சீராக்க ஒரு விளிம்பு விளைவுத் தகடு. ஒரே கண்ணாடியில் வரிசையாக நிறைய தகடுகளுக்கு இடம். ஓர் அடி முடிந்ததும் படலத்தில் வட்டமாக ஓர் ஓட்டை விழும், கண்ணாடி அடுத்த புது இடத்துக்கு நகரும். மேசைமேல் அடங்கும் இந்தக் கருவியால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் அடிக்கலாம். இரண்டு கட்ட வாயுத் துப்பாக்கி ஏழு எட்டு கிலோமீட்டர் வேகம் தரும். ஆனால் அது ஒரு கூடத்தை அடைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் சுடும். புள்ளிவிவரம் எடுக்க முடிகிற அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய முடிவது, இன்னும் ஒரு கிலோமீட்டர் வேகத்தைவிடப் பெரிய வெற்றி. வெடிமருந்துப் படிகங்களில் வெப்பம் எங்கே எப்படித் தொடங்குகிறது, நுண்துளை நிறைந்த உலோக-கரிமச் சேர்மங்கள் அதிர்ச்சியை எப்படி விழுங்குகின்றன என்றெல்லாம் அவர்களால் பார்க்க முடிந்தது இதனால்தான்.

விண்வெளிக் குப்பைக்கும் இது பொருந்துகிறது. 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் கண்ணாடியில் குழி விழச் செய்தது ஒரு பெயின்ட் துணுக்கு. மெல்லிய செதில் ஒன்று பல கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதை ஆய்வகத்தில் போலச் செய்ய, லேசர் தகட்டைவிட இயல்பான கருவி வேறில்லை. சுற்றுப்பாதை மோதல்களின் வழக்கமான வேகமான பத்து கிலோமீட்டரைத் தொடும்போது மட்டும், தகடு சிதறாமல் வருமா என்ற பழைய சிக்கல் மறுபடி தலைதூக்குகிறது.

அணுக்கரு இணைவு ஆய்வு தரும் எண்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் நைக்கி லேசர் மெல்லிய பிளாஸ்டிக் படலங்களை நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் முடுக்கியது. அங்கே பின்னால் கண்ணாடி இல்லை. பொருளின் பெரும்பகுதியைக் கொளுத்தி எறிந்து, மிச்சத்தை ராக்கெட்போல் தள்ளுகிறார்கள். போய்ச் சேருவது பிளாஸ்மா. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். மறுபுறம், சாண்டியாவின் இசட் இயந்திரம் காந்த விசையால் அலுமினியத் தகடுகளை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஏவியபோது, மோதும் முகம் திடமாக மிஞ்சும்படி மின்னோட்டத்தின் வடிவத்தையே செதுக்கினார்கள். அந்தச் சாதனையில் எனக்குப் பெரிதாகப் படுவது நாற்பது என்ற எண் அல்ல, திடமாக மிஞ்சிய முகம்.

தொழிற்சாலைக்கு முதலில் போனது பறக்கவே பறக்காத வடிவம். உலோகத்தின்மேல் ஒரு பூச்சு, அதன்மேல் ஓடும் தண்ணீர், அதன் வழியாக லேசர் துடிப்பு: இதனால் எழும் அதிர்ச்சி விமான எஞ்சின் விசிறி இலைகளின் ஓரத்தை உள்ளழுத்தத்தால் இறுக்கி, விரிசல் பரவாமல் தடுக்கிறது. 1970களில் ஒஹாயோவின் பேட்டல் நிறுவனத்தில் தொடங்கி, 1990களில் பி-1பி குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சினுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. தண்ணீர்தான் கண்ணாடி; ஒவ்வோர் அடிக்கும் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

பறக்கும் தகட்டை உற்பத்திக்குக் கொண்டுவரும் முயற்சியில் கவனிக்க வேண்டியது மோதல் பற்றவைப்பு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளென் டேன் முன்னெடுத்த இந்த முறையில் அலுமினியத்தைச் செம்போடு, உருக்காமலே ஒட்டவைக்கிறார்கள். இங்கே எல்லாமே தலைகீழ். தகடு தட்டையாகப் போய் மோதினால் ஒட்டாமல் எகிறிவிடும். சாய்வாக மோத வேண்டும், அப்போதுதான் இரு பரப்புகளின் மேலிருக்கும் ஆக்சைடு பீறிட்டு வெளியேறி, வெற்று உலோகம் வெற்று உலோகத்தைத் தொடும். கேவண்டிஷிலும் சாண்டியாவிலும் குறையாகக் கருதப்பட்ட சாய்வு, இங்கே கோணம் அளந்து வாங்க வேண்டிய பொருள். ஆனால் தகடு திடமாக வந்து சேர வேண்டும் என்பதில் மட்டும் இவர்களுக்கும் சலுகை இல்லை. உருகி வந்தால் உருக்காமல் ஒட்டுவதன் அர்த்தமே போய்விடும். இன்னும் தீராத தலைவலி கண்ணாடி. ஒவ்வோர் அடியிலும் அது குழிந்து மங்குகிறது. நிமிடத்துக்கு நிமிடம் ஒட்டித் தள்ள வேண்டிய உற்பத்தி வரிசையில், அடிக்கு ஒரு கண்ணாடி மாற்றுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. தண்ணீரையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நாடாவையும் அதற்கு மாற்றாகப் பார்க்கலாம். ஆனால் அவை கண்ணாடி அளவுக்குப் பிளாஸ்மாவை இறுக்கிப் பிடிப்பதில்லை.